பம்பிங் என்பது மதிப்பெண் அன்று

எக்கோ அறைக்கு வெளியே உள்ள நீண்ட இருக்கையில் காத்திருப்போரின் பேச்சு, நாள்தோறும் அவ்வழியே செல்லும் எங்கள் காதில் விழத்தான் செய்கிறது. சில வாரங்களுக்கு முன் இரண்டு குடும்பத்தார் அருகருகே அமர்ந்திருந்தனர். "உங்க அப்பாவுக்குப் பம்பிங் எவ்வளவுங்க?" என்று ஒருவர் கேட்டார். "முப்பத்தஞ்சுதானாம். உங்க அம்மாவுக்கு?" "அறுபது. நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க." பொதுத்தேர்வு முடிவு வந்த நாளில் பள்ளி வாசலில் கேட்கும் பேச்சைப் போலவே அது இருந்தது. அறுபது வாங்கிய வீட்டார் முகத்தில் நிம்மதி. முப்பத்தைந்து வாங்கிய வீட்டார் முகத்தில் இருள். அன்று மாலை முப்பத்தைந்து வாங்கிய பெரியவர் பேருந்தேறித் தம் ஊருக்குத் திரும்பினார். அறுபது வாங்கிய அம்மையாரை மூச்சுத்திணறலுக்காக வார்டில் சேர்த்தோம்.

எக்கோ கருவி தவறு செய்யவில்லை. இரண்டு அளவுகளும் சரியானவையே. அவற்றைப் படித்த விதம்தான் தவறு. அத்தவற்றில் பெரும்பங்கு மருத்துவர்களாகிய எங்களையே சேரும். ஓர் எண்ணைக் கையில் கொடுத்து, அதன் பொருளைக் கொடுக்காமல் அனுப்பிவிடுகிறோம். நோயாளி வாழ்நாள் முழுவதும் அந்த எண்ணையே சுமந்து திரிகிறார். ஆகவே இதயம் தன் வேலையை எவ்வாறு கூட்டியும் குறைத்தும் செய்கிறது என்பதை எழுதி, இந்த எண்ணை அதற்குரிய இடத்தில் வைக்க விரும்புகிறோம்.

பெரும்பாலோர் எண்ணுவது போல இந்த அளவு நூற்றுக்கு இத்தனை என்னும் மதிப்பெண் அன்று. இதயத்தின் இடது கீழறை இரத்தத்தால் நிரம்புகிறது; பின்பு சுருங்கி அதில் ஒரு பகுதியை மகாதமனிக்குள் தள்ளுகிறது. நிரம்பியதில் எத்தனை பங்கு வெளியேறியது என்பதே அந்தச் சதவீதம். நலமான ஒருவருக்கு ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் நிரம்பி, 70 மில்லிலிட்டர் வெளியேறும். எஞ்சிய 50 உள்ளேயே தங்கும். கணக்கிட்டால் 58 சதவீதம். நூறு வாங்கும் இதயம் உலகில் எங்கும் இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் முற்றிலும் காலியாகிவிடும் வகையில் இதயம் அமையவே இல்லை. 55 என்று வந்தால் 45 பங்கு கெட்டுவிட்டது என்று அஞ்சிப் பல நாள் உறங்காதவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு இந்த ஒரு வரியை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உடலுக்குத் தேவை சதவீதம் அன்று, இரத்தம். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், நிமிடத்துக்கு 4,900 மில்லிலிட்டர். உடலில் உள்ள இரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான் என்பதால், நாம் வெறுமனே உட்கார்ந்திருக்கும்போதே ஏறத்தாழ நம் இரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒரு முறை இதயத்தைக் கடந்து செல்கிறது. ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். இதைச் செய்யும் தசையின் எடை கால் கிலோவுக்குச் சற்றே கூடுதல்.

இப்போது அந்த இருவரின் நிலையை, கணக்கு எளிதாக அமையும் எண்களைக் கொண்டு பார்ப்போம். முப்பத்தைந்து வாங்கியவரின் இதயம் காலப்போக்கில் விரிந்துபோனது. அதில் 200 மில்லிலிட்டர் நிரம்புகிறது என்று கொள்வோம். 200-இல் 35 சதவீதம் என்பது 70 மில்லிலிட்டர். நலமான இதயம் தள்ளும் அதே 70! அறுபது வாங்கிய அம்மையாரின் இதயச் சுவரோ பல்லாண்டு இரத்தக் கொதிப்பால் தடித்து விறைத்துவிட்டது. அது நன்றாகச் சுருங்குகிறது. ஆனால் தளர்ந்து விரிய மறுக்கிறது. 80 மில்லிலிட்டர்தான் நிரம்புகிறது என்றால், 60 சதவீதம் என்பது 48 மில்லிலிட்டர் மட்டுமே. மீதி இரத்தம் உள்ளே நுழைய இடமின்றி நுரையீரலில் தேங்குகிறது. அவர் மூன்று தலையணை வைத்து உறங்கியதற்கும், நள்ளிரவில் எழுந்து சன்னலோரம் உட்கார்ந்ததற்கும் அதுவே காரணம். "பம்பிங் நல்லாத்தானே இருக்கு, வயசாயிருச்சு, அதான்" என்று வீட்டார் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தனர். முதுமை, நீண்ட கால இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, உடல் பருமன் ஆகியவை சேர்ந்த வீடுகளில், குறிப்பாகப் பெண்களிடம், இந்நோய் மிகுதி. இதயத் தடுக்கிதழ் ஒன்று கசிந்தாலும் எண் ஏமாற்றும். ஏனெனில் மகாதமனிக்குச் செல்லாமல் பின்னோக்கிக் கசியும் இரத்தமும் வெளியேறிய கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

இதைக் கேட்டு முப்பத்தைந்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. விரிந்த இதயம் ஓய்வு நேரத்துத் தேவையைச் சமாளித்துவிடும். மாடிப்படியில் ஏறும்போது கூடுதலாகக் கொடுக்க அதனிடம் கையிருப்பு குறைவு. சுவர் இழுபட்டு மெலிவதால் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தும் உண்டு. எந்த மருந்து, எந்தக் கருவி என்று முடிவு செய்ய எங்களுக்கு அந்த எண் தேவைதான். அது மருத்துவரின் கருவிப்பெட்டியில் உள்ள ஓர் அளவுகோல். மனிதரை அளக்கும் கோலாக அது மாறியதையே நாங்கள் எதிர்க்கிறோம். ஒரே இதயத்தை இரண்டு நாளில் இருவர் அளந்தாலே ஐந்து புள்ளி கூடவோ குறையவோ செய்யலாம். சென்ற முறை 40, இம்முறை 37 என்று கண்ணீர் விடுவோருக்கு இதைச் சொல்வது எங்கள் கடமை.

இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ள வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இதயமே என்றுதான் பலரும் நினைக்கின்றனர். ஆனால் வந்து சேர்வதைத்தான் இதயம் அனுப்ப முடியும். 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் இரத்தச் சுற்றோட்டத்தை மெய்ப்பித்தது இந்த எளிய கணக்கினால்தான். துடிப்புக்கு மிகக் குறைந்த அளவு என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம் உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சிவிடுகிறது. அவ்வளவு இரத்தத்தை உண்ணும் உணவிலிருந்து அவ்வப்போது உண்டாக்க இயலாது. ஆகவே சென்றதே திரும்பி வர வேண்டும் என்றார் அவர்.

அந்தத் திரும்பி வரும் பாதை சிரைகள். உடலின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் இறங்கிவிடும். இதயத்துக்கு வருவது குறையும், அனுப்புவதும் குறையும். கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே அறிந்து, நரம்புகளின் வழியே துடிப்பை விரைவுபடுத்தி, குழாய்களை இறுக்கிச் சரிசெய்கின்றன. முதியவர்களிடமும் சில மருந்துகள் உண்போரிடமும் இந்தச் சரிசெய்தல் சற்றுத் தாமதமாகும். விடியற்காலையில் கட்டிலை விட்டு எழுந்தவுடன் கண் இருட்டி விழுவது பெரும்பாலும் இதனால்தான். கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை அசைத்துவிட்டு எழுந்தால் போதும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரையிலுள்ள இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. நடப்பவருக்குக் காலில் இன்னோர் இதயம் இருக்கிறது என்று நாங்கள் நோயாளிகளிடம் சொல்வதுண்டு.

வரும் இரத்தம் கூடினால் இதயம் என்ன செய்கிறது? மியூனிக் நகரில் ஓட்டோ ஃபிராங்க் 1895-இல் தவளை இதயத்திலும், இலண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் தம் துணைவர்களுடன் 1914-இல் நாயின் இதயத்திலும் இதற்கு விடை கண்டனர். எவ்வளவு கூடுதலாக நிரம்புகிறதோ அவ்வளவு வலுவாக இதயம் சுருங்கும். உண்டிவில்லின் ரப்பரை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு தொலைவு கல் பாய்வதைப் போன்றது இது. ரப்பரைப் போலவே இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்டார்லிங் ஆய்ந்த இதயத்துக்கு மூளையோடு தொடர்பே இல்லை, நரம்புகள் அறுபட்டிருந்தன. ஆயினும் அது வந்ததற்கு ஏற்பத் தன் வேலையைக் கூட்டிக்கொண்டது.

இந்தப் பண்பு இல்லையெனில் நாம் ஒரு நாள்கூட உயிரோடு இருக்க முடியாது. வலது இதயம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது இதயம் அங்கிருந்து வாங்கி உடலுக்கு அனுப்புகிறது. ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு மில்லிலிட்டர், கால் தேக்கரண்டிக்கும் குறைவு, வலது பக்கம் கூடுதலாக அனுப்பினால்கூட ஒரு மணி நேரத்தில் 4 லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் நுரையீரலில் தேங்கிவிடும். அப்படி ஆவதில்லை. கூடுதலாக வந்ததை இடது பக்கம் அடுத்தடுத்த துடிப்புகளிலேயே வலுவாகத் தள்ளி ஈடுசெய்துவிடுகிறது. எத்தனையோ ஆண்டுகள் இதயப் பிரிவில் பணியாற்றிய பின்னும் எங்களுக்கு வியப்பு குறையாத செய்தி இது.

துடிப்பின் வேகமோ நரம்புகளின் ஆட்சி. இதயத்தைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு கடிவாளம் போல அதை இழுத்துப் பிடிப்பதால்தான் ஓய்வில் 70 ஆகிறது. நடக்கத் தொடங்கியதும் கடிவாளம் முதலில் தளர்கிறது. பிறகு பரிவு நரம்புகள் அதை முடுக்குகின்றன. மாற்று இதயம் பொருத்தப்பட்டவரின் நாடியைத் தொட்டால் இதை உணரலாம். பழைய நரம்புத் தொடர்பு இல்லாமையால் ஓய்விலேயே 90, 100 என்று துடிக்கும். அவர் நடக்கும்போது உடனே ஏறாது, இரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே மெல்ல ஏறும். இவ்வளவு ஏற்பாடுகளும் சேர்ந்து, ஓய்வில் 5 லிட்டர் தரும் இதயத்தைக் கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை தரச் செய்கின்றன.

ஆனால் வேகம் இலவசமாகக் கிடைப்பதன்று. எல்லா உறுப்புகளுக்கும் இரத்தம் தரும் இடது கீழறை, தன் தசைக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. துடிப்பு விரைவானால் அந்தத் தளர்வு நேரமே முதலில் சுருங்கும். நிரம்பவும் நேரமில்லை, உண்ணவும் நேரமில்லை. இதை மனத்தில் வைத்தால், இதய நோயாளிகளின் வீட்டார் எங்களிடம் கேட்கும் மிக நியாயமான கேள்விக்கு விடை கிடைக்கும்: "இதயம் பலவீனம்னு சொல்றீங்க டாக்டர், அப்புறம் அதை மெதுவாக்குற மாத்திரையையே ஏன் குடுக்குறீங்க?"

இதயத்தின் வரத்து குறையும்போது உடல் அதை இரத்த இழப்பு என்று தவறாகப் புரிந்துகொள்கிறது. காயம்பட்டு இரத்தம் இழந்தவரைக் காக்கும் அதே ஏற்பாடுகளை முடுக்கிவிடுகிறது. துடிப்பை விரைவுபடுத்துகிறது, குழாய்களை இறுக்குகிறது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் விடாமல் பிடித்து வைக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் இவை உயிர் காக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் சுமை ஏறிய வண்டியை இழுக்கும் களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்துக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும். கால் வீங்குகிறது, வயிறு உப்புகிறது, இதயம் மேலும் விரிகிறது. சாட்டையைப் பிடுங்குவதே கார்வெடிலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால் போன்ற மாத்திரைகளின் வேலை.

மருத்துவ உலகமும் இதை எளிதில் ஏற்கவில்லை. பலவீனமான இதயத்துக்கு இம்மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்றுதான் பாடநூல்கள் கற்பித்தன. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1975-இல், இம்மருந்தால் தேறிய ஒருசில நோயாளிகளைப் பற்றி எழுதியபோது பலர் நம்பவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 1999-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், இம்மருந்துகள் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை மெய்ப்பித்தன. ஆகவே மாத்திரையின் பெயரை வீட்டில் யாரேனும் தேடிப் பார்த்து, இது துடிப்பைக் குறைக்கும் மருந்து என்று கண்டு அச்சத்தால் நிறுத்திவிடும்போது நாங்கள் சினங்கொள்வதில்லை. எங்கள் ஆசிரியர்களின் ஆசிரியர்களுக்கு இருந்த அதே அச்சம்தான் அது. ஆனால் நிறுத்தும் முன் எங்களைக் கேளுங்கள். திடீரென நிறுத்துவதே தனியொரு ஆபத்து.

எண் உயரும்போதும் இதே இடர் வருகிறது. 30-ஆக இருந்தது மருந்துகளால் 55-ஆகிறது. வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். அடுத்த மாதம் மாத்திரை நின்றுவிடுகிறது. இலண்டனில் இப்படி முழுதும் தேறிய 51 பேரை வைத்து நடத்தி 2019-இல் முழுமையாக வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவர்களின் கண்காணிப்பிலேயே படிப்படியாக மருந்தை நிறுத்தியவர்களுள் 44 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அக்காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 55 என்பது மருந்தோடு சேர்ந்து பெற்ற 55. நோய் நீங்கியதற்கு அது சான்றிதழ் ஆகாது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இந்நோய்க்குத் தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அச்சொல்லைக் கேட்டவுடன் இதயம் நின்றுவிட்டது என்றே எவரும் எண்ணுவர். எங்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 'இதயத் தளர்ச்சி' என்பது உண்மைக்கு நெருக்கமானது. குறைந்த பட்சம் எங்கள் பிரிவின் அறிக்கைகளிலாவது அதையே எழுத விரும்புகிறோம்.

எண்ணை விட்டு எதைப் பார்ப்பது என்றால், வீட்டிலேயே பார்க்கக் கூடியவை இருக்கின்றன. காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே வகை உடையில் எடை பார்த்து ஒரு நோட்டில் குறியுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அன்று, தேங்கிய நீர். மறுநாள் வரை காத்திராமல் எங்களை அழையுங்கள். எத்தனை தலையணை தேவைப்படுகிறது, செருப்பு இறுகுகிறதா, சென்ற மாதம் ஏறிய படியில் இம்மாதம் எங்கே நிற்க வேண்டியிருக்கிறது என்பவற்றையும் எழுதுங்கள். அந்த நோட்டு எங்களுக்கு எக்கோ அறிக்கைக்கு நிகரானது; சில நாள் அதைவிட மேலானது.

உப்பைப் பற்றி எழுதினால் சலிப்புத் தட்டும் என்று அறிவோம். ஆயினும் சிறுநீரகம் ஏற்கெனவே உப்பைப் பதுக்கிக்கொண்டிருக்கும் உடலில், ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மோர்மிளகாயும் என்ன செய்யும் என்பது மேலே எழுதியதிலிருந்தே விளங்கும். நலமானவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்துப்பு கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புத்தான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்புகளில் பொட்டாசியம் இருப்பதால், இதய மருந்துகள் சிலவற்றோடு சேரும்போது அது தீங்காகலாம். கேட்காமல் வாங்க வேண்டா.

எங்களை மிகவும் வருத்துவது மற்றொன்று. முப்பத்தைந்து என்ற எண்ணைக் கேட்ட நாள் முதல் தந்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிடும் பிள்ளைகள். கடைக்குப் போகக் கூடாது, பேரனைத் தூக்கக் கூடாது, தோட்டத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. எல்லாம் அன்பினால்தான். ஆனால் நடக்காத காலின் தசை மெலிகிறது. அந்தக் காலிலிருந்து இரத்தம் மேலேறுவதும் மந்தமாகிறது. அடுத்த முறை நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. 'பார், சொன்னோமே' என்று மறுபடியும் உட்கார வைக்கிறார்கள். நோய் கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோருக்கு, மருத்துவர் சொன்ன அளவில் நாள்தோறும் நடப்பது மருந்துப் பட்டியலில் எழுதப்பட வேண்டிய ஒன்று. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

எங்கள் தரப்பில் செய்ய வேண்டியதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். புறநோயாளர் பிரிவில் ஒருவருக்கு ஒதுக்க முடிகிற நேரம் குறைவு. அந்நேரத்தில் எண்ணைச் சொல்வது எளிது, விளக்குவது கடினம். அது காரணமே தவிர நியாயம் அன்று. எக்கோ அறிக்கை உறையைக் கையில் கொடுப்பவர், அதைப் பற்றி ஐந்து நிமிடமேனும் பேசக் கூடிய ஒருவராக இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறோம். அந்நாள் வரும் வரை, நீங்களே எங்களை மறித்துக் கேட்கலாம். பம்பிங் எவ்வளவு என்று கேட்ட பின், இதயம் நன்றாக நிரம்புகிறதா என்றும், விரிந்திருக்கிறதா என்றும், எங்கேனும் கசிவு உண்டா என்றும் கேளுங்கள். அவர் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்றும் தவறாமல் கேளுங்கள்.

பேருந்தேறிச் சென்ற பெரியவர் சென்ற வாரம் வந்திருந்தார். நோட்டில் எடை ஒழுங்காகக் குறித்திருந்தார். இம்முறை அவருக்கு எக்கோ எடுக்கவில்லை. அம்மையாருக்கு நீர் வடிந்து, ஒரே தலையணையில் உறங்க முடிகிறது. அவருடைய அறிக்கையில் இன்னும் அறுபதுதான் இருக்கிறது.